லூபான்காரியின் மூன்றாவது வரி

எங்கள் ஆலைக்கும் லூபான் ஆலைக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டர்தான். நடுவே நைஸே ஆறு, அதன்மேல் பாலம். இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் போலந்து. வாராவாரம் பாலம் தாண்டிப் போய் மலிவாகப் பெட்ரோல் போட்டு, சிகரெட் வாங்கிக்கொண்டு வருவோம். இரண்டு ஆலைக்கும் ஒரே முதலாளி, இரண்டிலும் செய்வது ஒரே பம்ப். அப்படியிருந்தும் அங்கே வேலை பார்க்கிற ஒருத்தியிடமாவது நான் நின்று பேசியதுண்டா? கிடையாது. வெட்கக்கேடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

நான் கரோலா ஹெல்விக். கோர்லிட்ஸ் பம்ப் ஆலையில் இருபது வருஷமாகத் தொழிலாளர் குழுத் தலைவி. எனக்கு வாய் நீளம் என்பார்கள். இந்த வேலைக்கு வாய் நீளமில்லாமல் முடியுமா என்ன?

போன வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து இயக்குநர் டாக்டர் விண்டெக் வந்தார். எங்கள் குழுவையும் லூபான் சங்கத்துக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். நடுவில் கம்பெனியே கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர். மின்சாரக் கட்டணம் எகிறிவிட்டது, சீனாக்காரன் பாதி விலைக்குப் பம்ப் விற்கிறான், பெர்லின் அரசாங்கம் இன்றைக்கு மானியம் என்கிறது, நாளைக்கு இல்லை என்கிறது. இப்படி ஒரு மணி நேரம் பேசினார். அதில் பொய் ஒன்றுமில்லை. எல்லாம் எங்களுக்கும் தெரிந்ததுதான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். புதுப் பம்ப் தயாரிக்கிற லைன் ஒன்றே ஒன்றுதான் வருகிறது, இரண்டு ஆலையில் ஏதாவது ஒன்றுக்குத்தான். கிடைக்காத ஆலையில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. "நீங்க என்னென்ன விட்டுத்தர்றீங்கன்னு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள உறையில போட்டுக் குடுங்க."

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன், திருமதி ஹெல்விக். வாரத்துக்கு மூணு மணி நேரம் சம்பளமில்லாம பார்க்க லூபான்ல ஏற்கெனவே ஒத்துக்கிட்டாங்க. நான் சொன்னதா வெளிய தெரிய வேண்டாம்."

லூபான்காரர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சிகரெட் பிடிக்கலாமென்று கொட்டகைக்குப் போனால், அங்கே லூபான் சங்கத் தலைவி போஜெனா நிற்கிறாள். என் வயதுதான் இருக்கும். அவள் முறைத்தாள், நானும் முறைத்தேன். ஜெர்மனில் கேட்டேன், அவளுக்குப் புரியவில்லை. அவள் போலிஷில் ஏதோ சொன்னாள், எனக்கும் புரியவில்லை. என்ன தோன்றியதோ, ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னேன். அவள் கண் விரிந்தது.

பெர்லின் சுவர் விழுவதற்கு முன்னால், இரண்டு நாடும் ரஷ்யாவின் பிடியில் இருந்தபோது பள்ளிக்கூடம் போன எங்கள் இரண்டு பேருக்கும் அதைத் தலையில் குட்டிக் குட்டிப் புகட்டியிருந்தார்கள். இருவருக்குமே அது பிடிக்காத பாடம். நாற்பது வருஷம் வாயில் வராத வார்த்தைகளை அன்றைக்குப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். அறுவடை, டிராக்டர், உலக அமைதி எல்லாம் சரளமாக வந்தது, சம்பளத்துக்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை.

"நீ... மூணு மணி நேரம்... சும்மா... குடுத்தாச்சு?" என்று கேட்டேன்.

"நானா? நீதான் நாலு குடுத்தே!"

"யார் சொன்னா?"

அவள் சிகரெட்டாலேயே மாடி ஜன்னலைக் காட்டினாள். அங்கே விண்டெக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லித்தராத ரஷ்ய வார்த்தைகள் சில உண்டு. அவை மட்டும் இரண்டு பேருக்கும் பிழையில்லாமல் வந்தன. திட்டி முடித்துச் சிரித்தோம். பிறகு கைகொடுத்து ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு காகிதத்திலும் ஒரே இரண்டு வரிகள்தான் இருக்கும். ஒரு நிமிஷம்கூட விட்டுத்தர மாட்டோம். லைனை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு ஆலையோடும் ஒன்றாகப் பேசுங்கள்.

என் துணைத்தலைவன் ரோனியிடம் சொன்னதும் அவன் குதித்தான். "அடேயப்பா, தலைவி! அவ எதுவும் குடுக்கலைன்னு இப்ப நமக்குத் தெரியும். பேசாம ரெண்டு மணி நேரம்னு எழுது. லைன் நம்மளுது."

"வாய்ல மண்ணு! கைகொடுத்துட்டு வந்திருக்கேன்டா."

"அவளும் இதையேதான் இப்ப யோசிச்சிட்டிருப்பா. லைன் அங்க போச்சுன்னா இங்க முன்னூறு பேர் முகத்துல எப்படி முழிப்பே? நான் போன வருஷம்தான் வீடு வாங்கினேன், கரோலா."

மூன்று நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மறைப்பானேன்? வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து 'வாரம் இரண்டு மணி நேரம்' என்று எழுதியே விட்டேன். சுவர் விழுந்த பிறகு என் அப்பாவின் ஆலையில் இப்படித்தான் மூன்று தடவை விட்டுக்கொடுத்தார்கள், நான்காவது தடவை கதவையே பூட்டினார்கள். அது ஞாபகம் வந்ததும் எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த இரண்டு வரியை எழுதினேன். ரோனி என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே அறையில் கூடினோம். விண்டெக் முதலில் என் உறையைப் பிரித்தார். படித்ததும் அவர் முகம் சுருங்கியது. அடுத்ததைப் பிரித்து மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினார்.

முதல் வரி அதே வரி. இரண்டாவதும் அதேதான். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"மூணாவதா ஒரு வரி இருக்கு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ரோனி மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். "சொன்னேன்ல?"

போஜெனாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, முன்னூறு பேர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர் நிதானமாகப் படித்தார்: "லைன் எங்களுக்கே வந்தாலும் சரி, கோர்லிட்ஸில் ஒருவரை வெளியே அனுப்பினால், அவர் வேலையை லூபானில் யாரும் தொட மாட்டோம்."

ரோனிக்குக் காது வரை சிவந்துவிட்டது. மூன்று நாளாக நான் பட்டபாடெல்லாம் அவளை ஏமாற்றாமல் இருப்பதற்குத்தான். அவள் அதற்குள் என் ஆட்களைப் பற்றியே யோசித்துவிட்டாள்.

"என் காகிதத்தைக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

"கெடு முடிஞ்சிடுச்சு, திருமதி ஹெல்விக்."

"குடுங்கங்கிறேன்!"

கொடுத்தார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே மூன்றாவது வரியை எழுதினேன். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், யாரும் கேட்காமலே ரோனி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். வீடு வாங்கிக் கடனில் இருக்கிறவன்! என் பெயருக்குக் கீழே தன் பெயரைப் பெரிதாக எழுதினான். பிறகு எங்கள் குழுவில் மற்ற ஏழு பேரும் வரிசையாக எழுதினார்கள்.

எந்தப் பக்கம் ஆளைக் குறைத்தாலும் மறுபக்கம் அந்த வேலை நடக்காது என்று ஆனதும் விண்டெக் இரண்டு ஆலையோடும் பேச உட்கார்ந்தார், செப்டம்பரில் லைன் இரண்டாகப் பிரிந்தது. வார்ப்பு வேலை அங்கே, பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற வேலை இங்கே. இரண்டு ஊரிலும் ஒரு ஆள் குறையவில்லை. மின்சாரம் இன்னும் விலைதான், சீனாக்காரன் இன்னும் மலிவுதான், பெர்லினில் இன்னும் குழப்பம்தான். அடுத்த சண்டை நிச்சயம் வரும்.

ஆலைக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னபோது முன்னூறு பேரும் எனக்காகக் கை தட்டினார்கள். நான் அவர்களை நிறுத்தச் சொன்னேன். அந்த வரியை முதலில் எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? "எழுதினது நானில்ல, லூபான் போஜெனா. நம்ம ஆளு" என்றேன். இருபது வருஷத்தில் அந்த மேடையில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை.