மெழுகிய அடுப்பு

ஓர் அடுப்புக்கு ஒரு வீடு. குடிசை மாற்று வாரியத்து ஆட்கள் மயிலாப்பூர் கால்வாய்க்கரைக்கு வந்து இதைத்தான் சொன்னார்கள். ஒரு குடிசைக்குள் எத்தனை தலை இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிதில்லை. எந்த அடுப்பில் தனியாக உலை கொதிக்கிறதோ அது ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து மைதானத்தில் எழும்பிக்கொண்டிருந்த மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. மாச வாடகை பத்து ரூபாய் என்றார்கள். மயிலாப்பூரில் அந்தக் காசுக்கு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

என் பெயர் ஜமீலுன்னிசா. புருஷன் மவுத்தாகி அப்போது ஆறு வருஷம். ஒரே மகள் குல்ஷன். பாண்டி பஜார் தையல்கடை ஒன்றிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கிவந்து காஜா எடுத்து ஊக்கு வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. நாங்கள் இருந்தது என் புருஷனின் அண்ணன் பீர் முஹம்மது மச்சானுடைய குடிசையின் பின்பக்கச் சாய்ப்பில். நடுவில் ஓர் ஓலைத் தட்டி. தெருவாசல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதலில் எல்லோருக்கும் ஒரே உலைதான். ஒருநாள் குல்ஷன் மறுசோறு கேட்டது. மச்சானின் மனைவி நஸ்ருன்னிசா அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கத்தா சம்பாரிச்சு வெச்சிட்டுப் போயிருக்காரா, ரெண்டாவது தபா கேக்கற?" என்றாள். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்கமாட்டேன். அன்று சாயங்காலமே மூன்று செங்கல் பொறுக்கிவந்து சாய்ப்பில் அடுப்புப் போட்டுவிட்டேன். அதன்பிறகு நாலு வருஷம் என் சோறு என் அடுப்பில்தான்.

ஆனால் அரிசி மச்சானுடையது. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் கோணிச் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் விற்கிறவர் அவர். ஐந்து பிள்ளைகள். அப்படியும், அக்காவுக்குத் தெரியாமல், நல்லசிவம் நாடார் கடையில் சொல்லிவைத்திருந்தார். மாதம் பிறந்தால் என் பெயருக்கு அரிசி வந்துவிடும். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசுகிற வழக்கமே கிடையாது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தாலும், "குல்ஷன், உங்கம்மாகிட்ட சொல்லு" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் "குல்ஷன், பெரியத்தாகிட்ட சொல்லு" என்றுதான் பதில் சொல்வேன். குல்ஷன் நடுவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கும்.

தனி அடுப்பு விஷயம் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாராவது கேட்டால், அக்கா உள்பட நாங்கள் மூன்று பேரும் "ஒண்ணாத்தான் கீறோம்" என்போம். என் புருஷனை அடக்கம் செய்த அன்று கபர்ஸ்தானில் ஜமாத்தார் முன்னால், "இது ரெண்டும் இனிமே என் பொறுப்பு" என்று மச்சான் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைக்குக் குறை வரக்கூடாது, அவ்வளவுதான்.

வாரியத்து ஆள் வீடுவீடாகப் பார்க்க வந்தது ரம்ஜான் மாதத்தில். மழைக்கு முன்னால் என்று நான் கூரைக்குப் புது ஓலை போட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆபீஸர் வருகிறார் என்று கேட்டதும் எனக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. ஒரு ஆபீஸர் குனிந்து பார்க்கப்போகிற அடுப்பு சாம்பலும் கரியுமாகவா இருப்பது? விடியலுக்கு முன் சஹருக்குச் சோறு வடித்து முடித்ததும் சாம்பலை வாரிக் கால்வாயில் கொட்டினேன். செம்மண் குழைத்து அடுப்பை வழவழவென்று மெழுகினேன். பானைகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தேன். இதைவிட முட்டாள்தனமாக ஒருத்தி தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள முடியாது.

வந்தவர் பெயர் வெள்ளைத்துரை. தெற்கத்திக்காரர், சின்ன வயசு, வெயிலில் முகம் கறுத்திருந்தது. உச்சிவேளையில் உள்ளே வந்து குனிந்து அடுப்பின் மேல் கையை வைத்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"இதுல சமைக்கிறதே இல்லியாம்மா?"

"நோன்பு சார். விடியறதுக்கு முன்னாடி சமைச்சது."

"சாயங்காலம்?"

"பள்ளிவாசல்ல கஞ்சி குடுப்பாங்க சார். அதுவே போதும்."

"கூரையில ஒரு பொட்டுக் கரி இல்லியே."

"புது ஓலை சார்."

எல்லாம் உண்மை. என் காதுக்கே ஒன்றுகூட உண்மையாகக் கேட்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்காக நேத்து வச்ச அடுப்பு பத்து பாத்துட்டு வாறேன்" என்று அவர் வெளியே போனார். வாசலில் மச்சான் நின்றிருந்தார். பக்கத்துக் குடிசைப் பேச்சியம்மாள், எதிர்வரிசைப் பெண்கள், சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் வெள்ளைத்துரை கேட்டார். "பாய், உங்க தம்பி சம்சாரம் தனியாவா சமைச்சுச் சாப்பிடுறாங்க?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? எந் தம்பி சம்சாரத்த தனியா பொங்கித் துன்னுன்னு உட்ருவனா? எல்லாம் ஒண்ணாத்தான் கீறோம்" என்றார் மச்சான்.

நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்ததைத்தான் சொன்னார். வாய் பழகிவிட்டது. வெள்ளைத்துரை எழுதிக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போனார். ஒரு குடும்பம், ஒன்பது பேர், ஒரு வீடு. நோன்பு வைத்திருக்கிற மனுஷரை ஊர் முன்னால் பொய்யர் என்று நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அந்த வீடு ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. மாடிக் கட்டடத்தில் பின்பக்கம் சாய்ப்பு இறக்க முடியாது. அக்கா என்னை அந்த ரூமில் சேர்க்கமாட்டாள். சேர்த்தாலும் நான் போகமாட்டேன். குடிசையை இடித்துவிட்டால் வயசுக்கு வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே நிற்பது? ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பங்களாவின் பின்கட்டு காலி என்று போனேன். பெயரைக் கேட்டதும், "நேத்துதாம்மா ஆள் வந்துட்டாங்க" என்றார்கள். திருவல்லிக்கேணியில் நம்மவர்கள் வீடுதான்; ஆனால் அவர்கள் கேட்ட அட்வான்ஸுக்கு நான் ஆயுசு முழுக்கக் காஜா எடுக்கவேண்டும். சைதாப்பேட்டையில் ஒருவன் என்னைப் பார்க்காமல் குல்ஷனையே பார்த்துக்கொண்டு வாடகையைக் குறைத்தான். அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஜாக்கெட்டில் ஊக்கைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

பேச்சியம்மாள்தான் சொன்னாள். "அழுதுகினு குந்தினா வூடு வருமா? ஆபீஸுக்குப் போயி கேளு."

போனேன். வெள்ளைத்துரை என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். "உங்க மச்சான் சொன்னதத்தாம்மா எழுதுனேன். அவர் மாத்திச் சொன்னா நானும் மாத்தி எழுதுறேன். செவ்வாக்கிழமை மறுபடி வாறேன். அடுப்பு யாரது, அரிசி யாரதுன்னு அவரே நாலு பேர் முன்னால சொல்லட்டும். அதுக்கப்புறம் பட்டியல் மேல போயிரும், என் கையில இல்ல."

அரிசி யாரது. வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று நோன்பு திறந்தபிறகு தட்டிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். "குல்ஷன், பெரியத்தாகிட்ட சொல்லு. ஆபீஸர் செவ்வாக்கிழமை வர்றாராம். நாங்க தனியாத்தான் பொங்கறோம்னு சொன்னா எங்களுக்கு ஒரு வூடு கெடைக்கும்."

தட்டிக்கு அந்தப்பக்கம் மச்சான் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பிறகு, "குல்ஷன், உங்கம்மாகிட்ட சொல்லு. பொங்கறதச் சொல்லிடலாம். அரிசி கேப்பாரு இல்ல?"

"கேப்பாரு."

"நான் குடுக்கறன்னா ஒரே குடும்பம்னு எழுதிடுவாரு. குடுக்கலன்னா..." குரல் தணிந்தது. அக்கா வெளியே குழாயடியில் இருந்தாள். "ஜமாத்து முன்னால ஒரு வார்த்த சொல்லிக்கீறேன். இப்ப ஊர் முன்னால சோறு போடலன்னு சொல்லணுமா? அதுவும் நோன்பு வாயோட."

நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் வீடு எனக்கு வேண்டும். "குல்ஷன், பெரியத்தாகிட்ட சொல்லு, சைதாப்பேட்டையில இன்னா நடந்துச்சுன்னு" என்றேன். குல்ஷன் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டது. அந்தப்பக்கம் மச்சான் எழுந்து போகிற சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. வெள்ளைத்துரை வருவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்கா வாசலில் கைகட்டி நின்றாள். மச்சான் மார்க்கெட்டுக்குப் போகாமல் கட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது.

"சொல்லுங்க பாய். அடுப்பு தனியா?"

"தனி சார். நாலு வருசமா தனி."

"அன்னைக்கு வேற சொன்னீங்களே?"

"கவுரவத்துக்குச் சொன்னேன் சார்."

"அரிசி யாரு வாங்குறது?"

மச்சான் தொப்பியைக் கழற்றினார். உள்பக்கம் எதையோ பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். வெள்ளைத்துரையின் கையில் பென்சில் அப்படியே நின்றது.

"அதுவே சம்பாரிச்சு வாங்குது. நான் குடுக்கறதில்ல சார். நாலு வருசத்துல ஒரு பிடி அரிசி குடுத்ததில்ல."

"அடப் பாவமே" என்றாள் பேச்சியம்மாள். பின்னாலிருந்து யாரோ, "தாடி மட்டும் இம்மாம் நீளம் வெச்சிகினு" என்று சிரித்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடத்தில், "இல்லை சார், என் வயிற்றில் இருக்கிற சோறு இவர் போட்டதுதான்" என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் வீடு போய்விடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத்துரை பின்பக்கம் வந்து என் சாய்ப்பின் வெளித்தட்டியில் பெயிண்டால் புது நம்பர் எழுதினார். நம்பர் காய்வதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. மழை அதை அழித்துவிடுமோ என்று முந்தானையை அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு மச்சானைக் கரையில் யாரும் பழையபடி மதிக்கவில்லை. மார்க்கெட்டில்கூட, "தம்பி பொண்டாட்டியப் பட்டினி போட்ட பாய்" என்று பேசினார்களாம். கஞ்சி வாங்க அவர் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் பெருநாள் முடிந்து மாதம் பிறந்ததும் நல்லசிவம் கடையில் என் பெயருக்கு அரிசி இருந்தது.

பொங்கல் கழிந்து சாவி கொடுத்தார்கள். எனக்கு இரண்டாம் மாடி, மச்சானுக்குக் கீழே. குடி போன அன்று புது அடுப்பில் முதல் உலை வைத்துச் சோறும் தால்ச்சாவும் செய்தேன். ஒரு தட்டில் போட்டு மூடி, எல்லோரும் பார்க்கட்டும் என்று படிக்கட்டு வழியாகவே எடுத்துப்போனேன். மச்சான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "குல்ஷன், உங்கம்மாகிட்ட சொல்லு. இன்னிக்கு நோன்பு."

எனக்குப் புரியவில்லை. அக்கா உள்ளிருந்து வந்தாள். "கேளு ஜமீலா. ரம்ஜான் போயி எத்தினி நாளாச்சு? கேட்டா ஒரு நோன்பு கெட்டுப்போச்சுங்கறாரு. அந்த மாசம் நானேதான் தெனம் சஹருக்கு எழுப்பினேன், ஒண்ணுகூட உடல."

அந்தச் செவ்வாய்க்கிழமை நோன்புதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொன்னால் நோன்பு முறியுமா என்று ஆலிம்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. மச்சான் யாரையும் கேட்கவில்லை. எனக்கு ஒரு வீட்டுக்காக ஒரு நோன்பைக் கொடுத்துவிட்டு, இப்போது அதைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். தட்டோடு மேலே ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். குல்ஷனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படிக்கட்டில் பேச்சியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாரியத்தின் காதுக்குப் போனால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் அப்போதும் இருந்தது. இருந்தாலும் சத்தமாகவே சொன்னேன்.

"அக்கா, இது மச்சான் வாங்கிக் குடுத்த அரிசி. இன்னிக்கு மட்டும் இல்ல. நாலு வருசமா நாங்க துன்னது பூரா இவர் குடுத்ததுதான்."

பேச்சியம்மாள் படியிலிருந்து எழுந்து நின்றாள். அக்கா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து மச்சான் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் மேல்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். மச்சான் பிஸ்மி சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் பிசைந்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

குல்ஷன் அங்கே இல்லை. என்னிடம்தான் சொன்னார்.