பத்தாவது இருக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல, அக்காவிடமிருந்து சுட்டது. எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்த ஆலையில், டார்ச் லைட் பூட்டும் வரிசையில் மூன்றாவது இருக்கை அவளுடையது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

தொழில் வளராத வட்டாரங்களில் ஓர் ஆலையின் வருகை என்பது சமூகப் பொருளாதார—

அக்கா எட்டிப் பார்த்தாள். "இது கதையாடா, மந்திரிக்கு மனுவா?"

அடித்துவிட்டேன்.

2

வரிசையில் பத்து இருக்கை. நடுவில் ரப்பர் பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். அக்கா ஸ்பிரிங் மட்டும் போட வேண்டும். பல்பு, கண்ணாடி எல்லாம் அடுத்தடுத்தவர் வேலை. பத்தாவது ஆள் மூடியைத் திருகி, எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலாளி கெடு வைத்திருக்கிறார். சனிக்கிழமை ஒரு நாளில், மாலை ஐந்து மணிச் சங்குக்குள் ஐந்நூறு. தேறாவிட்டால் இயந்திரங்கள் லாரி ஏறி வேறு ஊருக்குப் போய்விடும். தேறினால் இரண்டாவது கூடம் கட்டுவார்கள், அதற்கு ஃபிட்டர்கள் வேண்டும். அத்தான் ஃபிட்டர். எட்டு வருடமாக எங்கோ ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறார், வருடத்துக்குப் பத்து நாள் வீட்டுக்கு வருவார். ஆக, ஐந்நூறு டார்ச்சுக்கு ஒரு புருஷன் என்பது அக்காவின் கணக்கு.

(பத்தாவது இருக்கைக்கு ஆள் அமையவில்லை. அங்கே உண்மையில் இருப்பவரை எனக்குத் தெரியாது. ஒரு தையல்காரியை உட்கார வைத்தேன், கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எழுப்பிவிட்டேன். இப்போதைக்கு மேற்பார்வையாளரே மூடி திருகட்டும்.)

3

திங்கட்கிழமை தேறியது நூற்றுத் தொண்ணூறு.

காரணம் சோம்பல் இல்லை, மரியாதை. எங்கள் ஊரில் சட்டை தைப்பவர் பொத்தான்வரை அவரே தைப்பார். நாற்காலி செய்பவர் நாலு காலையும் அவரே பூட்டுவார். அரைகுறை வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது கேவலம். அக்கா ஸ்பிரிங் போட்டாள், அப்படியே விட மனம் வரவில்லை. எழுந்துபோய் பல்பும் கண்ணாடியும் மூடியும் எடுத்துவந்து பூட்டி, துணியால் துடைத்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். மற்றவர்களும் அப்படியே. பட்டை அதுபாட்டுக்குக் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, ஸ்பிரிங் மட்டும் போட்டா போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அதெப்படி சார்? மூளியா குடுத்தா பக்கத்துல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"*

* இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இதற்குப் பக்கமே கிடையாதாம்.

4

இங்கே பெரிய திருப்பம் ஒன்று வைத்திருந்தேன். முதலாளி மனம் மாறி, கண் கலங்கி—

வேண்டாம். நடந்தது சின்ன விஷயம். புதன்கிழமை அக்கா ஸ்பிரிங் போட்ட டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். பிறகு நாலாவது இருக்கைக்காரரிடம் நீட்டினாள்.

"என் பங்கு ஆச்சுக்கா. மீதிய நீங்க பாத்துக்கோங்க."

"குடும்மா, நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். சொல்லாமல் தள்ளிவிட்டால்தான் கேவலம், சொல்லிக் கொடுத்தால் இல்லை. மத்தியானத்துக்குள் வரிசை முழுக்க 'பாத்துக்கோங்க', 'குடுங்க' என்று ஒரே சத்தம். வேலை நேரத்தில் பேசக் கூடாது என்ற பலகையை மேற்பார்வையாளரே சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். அன்றைக்கு முந்நூற்றைம்பது. வெள்ளிக்கிழமை நானூற்று எழுபது.

5

இன்று சனிக்கிழமை. காலையில் அக்கா கிளம்பும்போது மூன்று முடிவுகளைக் காட்டினேன். ஒன்றில் அறுநூறு, அதை நானே நம்பவில்லை. ஒன்றில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, அதைப் படித்து என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். மூன்றாவதைப் படிக்கவே இல்லை.

"ஏன்டா எல்லாத்தையும் நீயே பூட்டுற? திங்கக்கிழமை நான் பண்ணின அதே கிறுக்குத்தனம்!"

அவள் சொன்னது சரி. இப்போது ஐந்தாகப் போகிறது, சங்கு இன்னும் கேட்கவில்லை. எனக்கு அத்தான் வர வேண்டும், அதை மறைக்க என்ன இருக்கிறது? என் கதையிலும் ஐந்துக்கு ஒரு நிமிடம். முதலாளியின் கார் வந்துவிட, மேற்பார்வையாளர் வாசலுக்கு ஓடிவிட்டார். முடிந்தவை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. கடைசி டார்ச் ஒன்பது கை மாறி வந்து நிற்கிறது. பத்தாவது இருக்கை காலி.

வாங்க, இப்படி உட்காருங்க. மூடி உங்க இடதுகைப் பக்கம் தட்டுல இருக்கு. என் பங்கு ஆச்சு. மீதிய நீங்க பாத்துக்கோங்க.