பெஞ்சுக்கு ஓர் அளவு

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. விடியலில் வடமதுரைச் சாலையை மூடியிருந்த பனி ஒன்பது மணிக்குள் விலகி, வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது.

அச்சாலையோரத் தனியார் மேல்நிலைப் பள்ளியில் அன்று பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு. ஆய்வகம் ஆண்டு முழுவதும் பூட்டியே கிடந்தது. ஆயினும் அனைவருக்கும் இருபதுக்கு இருபது கிடைப்பது அப்பள்ளியின் வழக்கம். விடைத்தாளில் எழுதவேண்டிய அளவீடுகளை ஆசிரியை இசைவாணி வகுப்பறையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதல் பெஞ்சு பத்து புள்ளி ஒண்ணு எழுதுங்க. ரெண்டாவது பெஞ்சு பத்து புள்ளி ரெண்டு. எல்லாரும் ஒண்ணுபோல எழுதுனா எக்ஸ்டர்னல் கண்டுபிடிச்சிருவாரு."

"பொய்யிலயும் நம்ம டீச்சர் சுத்தம்டா," என்று ஜெரோம் முணுமுணுக்க, வகுப்பே சிரித்தது. தீபா மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், நான் லேப் டெக்னீசியனுக்குப் படிக்கப் போறேன். நாளைக்கு ஒருத்தவுக ரத்தத்தக் குடுத்தா, எந்த பெஞ்சு ரீடிங்க எழுதிக் குடுக்க? நான் செஞ்சு பாத்துத்தான் எழுதுவேன். இல்லாட்டி முட்டையப் போடுங்க."

இசைவாணிக்குச் சுருக்கென்றது. பொய்யை வகைபிரித்துப் பங்கிடுவதையே இத்தனை நாளும் கற்பித்தல் என்று எண்ணியிருந்தோமே! நேரே தாளாளர் அறைக்குச் சென்றார். அங்கே புறத்தேர்வாளர் முகமது ரஃபீக் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

"சார், லேப் சாவி வேணும். பிள்ளைக செஞ்சு காட்டட்டும்."

தாளாளர் பொன்னழகு திடுக்கிட்டார். "என்னம்மா இது புதுசா? மார்க்கு கொறஞ்சா ஒங்க வேலையும் போயிரும், பாத்துக்கங்க. பிரியாணி வேற வந்துக்கிட்டிருக்கு!"

"போனா வேற தேடிக்கிறேன் சார். சாவியக் குடுங்க."

கையெழுத்திட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவர்தாம் ரஃபீக்கும். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "குடுங்கய்யா. காலையில பழகட்டும், மத்தியானம் நான் பாக்குறேன். பிரியாணி எங்கயும் ஓடிப் போகாது."

ஆய்வகம் திறந்தது. உள்ளே அடுக்கி வைத்திருந்த சீருடை மூட்டைகள் வெளியேறின. தூசி படிந்த குழாய்கள் கழுவப்பட்டன. கரைசல்களை இசைவாணி தம் கையாலேயே கலந்து, ஒவ்வொருவர் அருகிலும் நின்று கற்பித்தார்.

பிற்பகல் தேர்வில் தீபா அவசரப்பட்டாள். குழாயிலிருந்து விழுந்த சொட்டுகள் மிகுந்து குடுவைக் கரைசல் கருஞ்சிவப்பாயிற்று. "போச்சு போ!" என்றான் ஜெரோம். அவள் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கினாள். இம்முறை கடைசிச் சொட்டு விழுந்ததும் சரியான அளவைக் காட்டும் வெளிர் இளஞ்சிவப்பு பரவிற்று.

"கலையாம நிக்கிது டீச்சர்!"

ரஃபீக் மதிப்பெண்களை ஒளிக்காமல் சொன்னார். தீபாவுக்குப் பதினாறு; ஜெரோமுக்குப் பதினொன்று.

"பதினொண்ணுன்னாலும் நானே சம்பாதிச்ச பதினொண்ணுடா!" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

பொன்னழகின் முகம் கறுத்தது. "இம்புட்டு வருசமா இருபதுக்கு ஒண்ணு கொறஞ்சதில்ல. நாளையில இருந்து நீங்க வரவேணாம்மா."

"சரி சார். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கத்துக்குடுக்காமப் போடுற இருபது, பிள்ளைககிட்ட இருந்து நாம திருடுற இருபது. இந்தப் பதினாறு அவ சொத்து. யாராலயும் பறிக்க முடியாது."

அன்றுதான் உண்மையில் ஆசிரியையாகிவிட்ட பெருமிதத்துடன் இசைவாணி பள்ளி வாயிலைக் கடந்தபோது, மணி சரியாகப் பிற்பகல் மூன்று நாற்பது.