துக்க வீட்டுத் தக்காளி

துக்க வீட்டு மருமகள் கடைக்குப் போய் இரண்டு பாட்டில் பீர் கேட்டாள் என்ற செய்தி, மரூசா வீடு திரும்புவதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தீவில் படகு தாமதமாகும், தபால் தாமதமாகும், மருத்துவர் சில வாரம் வரவே மாட்டார். ஊர்ப் பேச்சு மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை.

மாமியார் எவ்தோகியா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கணவன் செத்த நாளிலிருந்து பத்தொன்பது வருடமாகக் கறுப்பைத் தவிர வேறெதுவும் உடுத்தாதவள். அவளுக்குத் துக்கம் காப்பது மூச்சு விடுவதைப் போல. மற்றவர்களுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது அவளுக்குப் புரியாது.

"பையில என்ன?"

"பீர், அத்தை."

"யாருக்கு?"

"நத்தைக்கு."

எவ்தோகியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மரூசா அவசரமாக விளக்கினாள். "மழை பெஞ்சா நத்தை வந்து நாத்தெல்லாம் தின்னுடுது. கிண்ணத்துல பீரை ஊத்தி மண்ணுல பதிச்சு வச்சா, வாசனைக்கு வந்து உள்ள விழுந்துடும். மருந்து கிருந்து எதுவும் வேண்டாம்."

"குடிச்சுக்கிட்டே சாகுதா?"

"ஆமா."

"கொடுத்து வச்ச நத்தை. எம்புள்ளைக்கு அப்படியொரு சாவு வரல." எவ்தோகியா ஒதுங்கி வழிவிட்டாள். "அடுத்த தடவை என்கிட்ட சொல்லு. நான் போய் வாங்கிட்டு வர்றேன். கிழவி குடிக்கிறான்னு பேசினா பேசிட்டுப் போகட்டும்."

அந்தப் பிள்ளை, மரூசாவின் கணவன் நிகிதாஸ், போன அக்டோபரில் நுரையீரல் கெட்டுப் போய் இறந்தான். வயது நாற்பத்தொன்று. பதினைந்து வருடம் முதுகில் மஞ்சள் டேங்கைச் சுமந்து ஊர் முழுக்க உருளைக்கிழங்கு வயல்களுக்கு மருந்தடித்தவன். முகத்தில் ஒரு துணிகூடக் கட்டியதில்லை. "மாஸ்க் போடுவாரா?" என்று மருத்துவமனையில் ஒரு டாக்டர் ஒரே ஒரு முறை கேட்டார். மரூசா இல்லையென்று தலையசைத்தாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நிகிதாஸ் போனதும் அந்த டேங்க் தம்பி யாகுமிஸின் முதுகுக்கு ஏறியது.

ஒரு வருடம் துக்கம். வீட்டில் ரேடியோ பாடக் கூடாது. ஈஸ்டருக்கு முட்டைக்குச் சிவப்புச் சாயம் கிடையாது. பூ கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளையடிக்கக் கூடாது. வசந்தம் வந்ததும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நீளக் கழியில் மட்டையைக் கட்டிக்கொண்டு சுவர், படி, முற்றத்துக் கல்லின் இடுக்கு என்று சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்க, மரூசாவின் வீடு மட்டும் போன வருடத்து அழுக்கோடு நின்றது. தெருவில் போகிறவன் விலாசம் கேட்க வேண்டியதில்லை.

மரூசா வோலோஸ் நகரத்துக்காரி, மாடி வீட்டில் வளர்ந்தவள். அக்கா அர்கிரோ அங்கே ஒரு ரொட்டிக் கடையில் இவளுக்கு வேலை பேசி வைத்திருந்தாள். அக்டோபரில் வருட நினைவுப் பூசை முடிந்த மறுநாள் கறுப்பைக் கழற்றிவிட்டுப் படகேறுவது என்று மரூசா முடிவு செய்திருந்தாள். இது அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதுவரை மூச்சு விட ஏதாவது வேண்டும். அதற்காகத்தான் மழைநீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு கட்டில் அகலத்துக்கு மண்ணைக் கொத்தினாள்.

அதற்கு முன் ஒரு புதினாக்கூட வளர்த்தறியாதவள். கைபேசியில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். துக்க வீட்டில் சத்தம் கேட்கக் கூடாதென்று அதையும் ஊமையாக வைத்துப் பார்த்தாள். வீடியோவில் ஒருத்தி நாற்றைச் சுற்றி வெள்ளையாக எதையோ தூவினாள். நத்தை அண்டாமலிருக்க உப்புப் போடுகிறாள் என்று நினைத்து மரூசாவும் கை நிறைய உப்பை அள்ளித் தூவினாள். நத்தை அண்டவில்லைதான். பீன்ஸும் பிழைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது அடுப்புச் சாம்பலாம்.

தோற்றாலும் விடவில்லை. அந்த வீட்டில் அவளாக முடிவெடுத்து நடந்த காரியம் அது ஒன்றுதான், அதனால் மருந்து மட்டும் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். ஆனால் விஷமில்லாத வைத்தியம் எதைத் தொட்டாலும் அது கல்யாண வீட்டுக் காரியமாக இருந்ததே, அதற்கு அவள் என்ன செய்வாள். எலுமிச்சை மரத்தில் எறும்பு ஏறியது. அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் ஏறாது என்றார்கள், அடித்தாள். "வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆகாது, மரத்துக்கு மட்டும் பண்டிகையா?" என்று கேட்டு எவ்தோகியா அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். ஒரு காலைப்பொழுது முழுக்க மரூசா நின்று தேய்த்துக் கழுவினாள். வெள்ளை ஈ வராமலிருக்கத் தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைத்தாள். மாமியார் தினமும் வந்து மொட்டுகளை மட்டும் கிள்ளிப் போட்டாள். குருவியை விரட்ட நிகிதாஸ் காரில் கேட்ட பழைய பாட்டு சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். வெயிலில் அவை மினுமினுத்தது தேவாலயம் வரைக்கும் தெரிந்ததாம். அன்று மாலையே இறக்க வேண்டியதாயிற்று. பட்டாணி முழுவதும் குருவிக்குப் போனது.

இத்தனைக்கும் பிறகு ஒன்பது தக்காளிச் செடிகள் மிஞ்சின. ஒன்பதும் அவளுக்குப் பெயர் தெரிந்த ஆட்கள் மாதிரி.

ஈஸ்டருக்கு முந்தின வாரத்துச் சனிக்கிழமை, யாகுமிஸ் முதுகில் டேங்கோடு முற்றத்துக்குள் வந்தான். கெட்டவன் இல்லை. அண்ணன் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பவன்.

"அண்ணி, வெள்ளைதான் அடிக்க முடியாது. இந்தக் களையையாவது அழிச்சு விடறேன். கல்லு இடுக்கெல்லாம் முழங்கால் உயரத்துக்கு நிக்குது, பாருங்க. ஊரு என்ன சொல்லும்?"

"வேண்டாம், தம்பி. நான் கையால பிடுங்கிடறேன்."

"ரெண்டு மாசமா இதையேதான் சொல்றீங்க. அஞ்சு நிமிஷ வேலை. பண்டிகைக்குள்ள காஞ்சுடும்."

"தொட்டி பக்கத்துல இருக்கு. செடி இருக்கு. காத்து அடிக்குது."

"காத்து அடிக்காத நாளு இந்தத் தீவுல என்னைக்கு?" சிரித்தபடி தோள்பட்டை வாரைச் சரிசெய்தான். வாரில் நிகிதாஸ் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது. "எங்க அண்ணன் பதினஞ்சு வருஷம் இதே முற்றத்துல அடிச்சாரு. யாருக்கு என்ன ஆச்சு?"

அந்தக் கேள்விக்கான பதிலை மரூசா ஏழு மாதமாக வாய்க்குள் வைத்திருந்தாள். அதைச் சொன்னால், காலையில் எழுந்து மகனுக்கு டேங்கில் மருந்து கலக்கிக் கொடுத்த தாய் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்கும் அந்த டேங்கால் பிழைக்கிற தம்பி தலை நிமிர மாட்டான். சொல்ல முடியாது. யாகுமிஸ் குழாயைக் கையில் எடுத்தான். எவ்தோகியா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே மரூசா சொன்னாள். "அத்தை, துக்க வீட்டைப் பண்டிகைக்குச் சுத்தம் பண்ணலாமா?"

யாகுமிஸ் நின்றான்.

"சுண்ணாம்பு ஆகாதுன்னீங்க. பூ ஆகாதுன்னீங்க. முற்றத்தை மட்டும் வழிச்சு மினுக்கி வச்சா, அது பண்டிகை இல்லையா? அவர் போய் வருஷம்கூட ஆகல. புல்லு இருக்கட்டும். பார்க்கிறவங்க பார்க்கட்டும்."

எவ்தோகியாவின் முகம் மாறியது. தன் சட்டமே தன்னை மறித்து நின்றால் யாரால்தான் என்ன செய்ய முடியும்? அவள் படியிறங்கி வந்தாள். "அவ சொல்றது சரிதான். கீழ வைடா."

"அம்மா, இது களை..."

"கீழ வைன்னேன்."

"சரி, எப்பத்தான் அடிக்கிறது? அடுத்த வருஷமா?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஜெயித்த சூட்டில் மரூசாவால் முடியவில்லை. "நான் இந்தக் கறுப்பைக் கட்டியிருக்கிற வரைக்கும் இந்த முற்றத்துல யாரும் எதுவும் அடிக்கக் கூடாது," என்றாள்.

எவ்தோகியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மரூசா கல்யாணமாகி வந்த ஏழு வருடத்தில் முதல் தடவை. "நீ வருஷம் முடிஞ்சதும் போயிடுவேன்னு நினைச்சேன்டி," என்றாள். கண் கலங்கியிருந்தது. மரூசா சொன்னது அக்டோபர் வரைக்கும், மாமியார் காதில் விழுந்தது ஆயுசு முழுக்க.

புனித வெள்ளியன்று தேவாலயத்தில் மரூசாவுக்கு வழிவிட்டார்கள். முன்பின் பேசாத பெண்கள் தோளைத் தொட்டு, "உன்ன மாதிரி மருமக யாருக்கு வாய்க்கும்" என்றார்கள். நகரத்துக்காரி, களையைக்கூடத் துக்கமாகக் காக்கிறவள், கடைசிவரை கறுப்புத்தான் கட்டுவாளாம். கடைக்காரி இப்போது கேட்காமலே பீரைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "நத்தைக்குத்தானம்மா, தெரியும்" என்றாள். ஏச்சு இருந்தவரை அவளுக்குள் ஒரு கதவு திறந்திருந்தது. இந்தப் புகழ்ச்சி வந்து அதையும் சாத்தியது. அக்கா போனில், "அக்டோபர்தானே, மாத்தம் இல்லையே?" என்று கேட்டபோது மரூசா, "சத்தம் போட முடியாதுக்கா, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

மே மாதம் தக்காளி முழங்காலைத் தாண்டி வளர்ந்து சாயத் தொடங்கியது. நாணல் குச்சிகள் ஊன்றினாள். கட்டுவதற்குத் துணி தேவைப்பட்டது. பழைய சட்டை ஏதாவது இருக்குமா என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் எவ்தோகியா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தாள். மெல்லிய கறுப்புத் துணி, இரண்டு துண்டு.

"கோடைக்குக் கனத்த துணி ஆகாது உனக்கு, வேர்த்துக் கொட்டுது. படகுல சொல்லி வரவழைச்சேன். இது இந்த வருஷத்துக்கு. அது அடுத்த வருஷத்துக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னு சேர்த்தே வாங்கிட்டேன்."

"சரி, அத்தை," என்றாள் மரூசா.

மாமியார் உள்ளே போனபின் வெகுநேரம் அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. அன்பாக வாங்கி வந்திருக்கிறாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு முதல் துண்டை மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள். இரண்டாவதையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனாள்.

ஏழாவது செடியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எவ்தோகியா வந்தாள். குச்சிகளையும் கறுப்பு முடிச்சுகளையும் வரிசையாகப் பார்த்தாள்.

"அது அடுத்த வருஷத்துத் துணி."

"தெரியும், அத்தை."

மரூசா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சைப் போட்டு முடித்தாள். எட்டாவது செடிக்கு ஒரு கீற்று வெட்டினாள். ஒன்பதாவதுக்கு ஒன்று. எவ்தோகியா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். முற்றத்துக் களையில் எங்கோ பார்த்தபடி இருந்தாள்.

"பூசைக்கு அப்புறமா?" என்று கேட்டாள்.

"மறுநாள்."

செடிகளுக்கு மேலே இரண்டாவது கட்டுப் போடக் கத்தரிக்கோல் துணிமேல் ஏறியபோது எவ்தோகியா கையை நீட்டினாள்.

"மிச்சத்த வெட்டாத. எனக்கு ஆகும்."

மரூசா துணியை மண் போக உதறி, மடித்து அவள் மடியில் வைத்தாள்.