கமா தாங்கும் எடை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கின் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால், "நான் நாள் முழுக்க ஆளுங்களைத் தூக்குறேன். இவ உக்காந்த இடத்துல கமாவைத் தூக்குறா" என்று மனைவியைக் காட்டிச் சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான். வந்தவர்களும் சிரித்தார்கள். ஆங்கிலப் பதிப்பகத்தில் பத்து வருடமாகப் புரூஃப் பார்க்கும் அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. புதன்கிழமை காலை சக்கரப் பெட்டி ஒன்று வாசல் கதவருகே வந்து நின்றது. ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு: 'சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன். மன்னிப்பு கேட்பதானால் எழுத்தில் கேட்கவும். இங்கிலீஷில். கமா சரியாக இருக்க வேண்டும்.'

மெக்கானிக் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினான்: 'ஐ ஆம் சாரி, ஐ வாஸ் எ ஃபூல்.' ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுக் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டான். வெளியே வந்து பார்த்தால் கமாவைச் சுற்றி சிவப்பு வட்டம். 'இரண்டு முழு வாக்கியம். ஒற்றைக் கமா தாங்காது.' ஃபூல் என்ற வார்த்தைக்கு மட்டும் ஒரு டிக் விழுந்திருந்தது.

சரி, சனியன் ஒழியட்டும் என்று கமாவையே எடுத்துவிட்டான். 'மூச்சு முட்டுகிறது' என்று திரும்பி வந்தது. அப்புறம்தான் அவனுக்குச் செமிகோலன் ஞாபகம் வந்தது. கமாவுக்கு மேல் ஒரு புள்ளி இருக்கிறதே, மரியாதை கூடத்தானே இருக்கும்? 'மை; டியர்; வைஃப்; சாரி;' என்று தாராளமாகப் போட்டான். 'மிளகு தூவ இது ஆம்லெட் இல்லை' என்று வந்தது.

மணி நாலரை. வேறு வழியில்லாமல் மைத்துனனுக்குப் போன் போட்டான். அவன் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்.

"அக்காகிட்ட வாய் குடுத்தீங்களா மாமா? உங்களை ஆண்டவன்தான் காப்பாத்தணும். சரி, கேளுங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா நிக்குதா? அப்ப நடுவுல செமிகோலன். ஒரு பக்கம் தனியா நிக்காம தொங்குதா? அப்ப கமா போதும்."

"தொங்குதுன்னா?"

"'நீ பேசலன்னா' அப்படின்னு சொல்லி நிறுத்துங்க. மேல என்னன்னு கேப்பாங்க இல்ல? அதான் தொங்குது."

மெக்கானிக் துள்ளி எழுந்தான். ஒரு பக்கம் லிஃப்ட் கூண்டு, மறுபக்கம் எடைக்கட்டை, இரண்டையும் இணைக்கிற கம்பிவடம்தான் செமிகோலன்! அந்த இடத்தில் கமாவைக் கட்டினால் ஓவர்லோடு! "அடச்சே, இவ்வளவுதானா? இதை மொதல்லயே லிஃப்ட் பாஷையில சொல்லியிருக்கலாமே!"

எழுதினான்: 'யூ ஆர் ரைட்; ஐ ஆம் சாரி. வென் யூ டோன்ட் டாக், த ஹவுஸ் இஸ் டூ பிக்.' இருப்பதே இரண்டு அறை. ஆனாலும் அவள் பேசாத மூன்று நாளும் அவனுக்கு வீடு அப்படித்தான் இருந்தது.

அவள் வந்து படித்தாள். சிவப்புப் பேனா வரியோடு ஊர்ந்தது, ஒவ்வொரு குறியிலும் நின்றது, கடிக்க எதுவும் கிடைக்காமல் நகர்ந்தது. நம்பிக்கை இல்லாமல் தாளைத் திருப்பி முதுகையும் பார்த்தாள். கீழே ஏதோ எழுதிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

'ஐ ஆம் நாட் கோயிங், மேக் டீ.'

அப்பாடா! அடுப்பில் தண்ணீர் வைத்தவன் அப்படியே நின்றான். இரண்டு முழு வாக்கியம். ஒற்றைக் கமா. சிவப்புப் பேனா ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. கை நமநமவென்று அரித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன, டீயைக் காணோம்?"

"இல்ல, அந்தக் கமா..." வந்துவிட்டது. சொன்னேனே, அந்த வாய்!

அவள் வெளியே வந்தாள். ஒரு கை பெட்டியின் பிடியில் இருந்தது. "கமாவுக்கு என்ன?"

அடுப்பைத் தணித்தான். "தப்புதான். ஓவர்லோடு." அவள் புருவம் ஏறியது. "இருந்துட்டுப் போகட்டும். ரெண்டே பேர்தானே, தாங்கும்."

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"சரி சரி, பெட்டியைத் தூக்குங்க" என்றாள். "கமாவை நான் பாத்துக்கறேன்."