ஜூலை வரைக்குமான கொஜ்ஜு

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் செலுவம்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அதே வரியைப் படித்தாள். கண்ணாடியில் கோளாறு இல்லை. ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊருக்கு ஒரு வருஷப் படிப்புக்குப் போயிருக்கும் மகள் ஸுப்ரஜா, அந்த ஒரு வருஷத்துக்கென்று கொடுத்தனுப்பிய கொஜ்ஜை ஒரே சனிக்கிழமைச் சாயங்காலத்தில் தீர்த்துவிட்டிருந்தாள்.

கொஜ்ஜு என்றால் புளியோதரைக்கானது. தமிழ்நாட்டுப் பக்கம் புளிக்காய்ச்சல் என்று ஏதோ சொல்வார்கள். மேலுகோட்டை ஐயங்கார் வழிவந்த இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வேளை காபியை எதிர்பார்க்கக் கூடாது. மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் ஒன்பது கடைப் புளியை நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டு, பத்தாவதாக மல்லப்பன் கடையில் வாங்கியது. அடுப்பில் மூன்று நாள் கொதித்தது. மிளகாய் வறுத்த நெடியில் கிருஷ்ணமூர்த்திபுரம் முழுக்க இருமியது. சாமுண்டி மலை நந்தி தும்மியதாகக்கூடப் பேச்சு. அதைப் பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, வெளியே வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, மேலிருந்து கீழே ஆகஸ்ட், செப்டம்பர் என்று தெர்மாமீட்டர் மாதிரி எழுதியவள் செலுவம்பா. கடைசிக் கோடு ஜூலை. கொஜ்ஜு அந்தக் கோட்டைத் தாண்டி அடியைத் தொடும் நாளில் பெண் விமானத்தில் இருக்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அதில் ஒளிவுமறைவும் இல்லை.

இப்போது அக்டோபர். தசரா யானைகள்கூட இன்னும் காட்டுக்குத் திரும்பவில்லை.

கோபத்தோடு முன்பக்கங்களுக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் நாட்டியம் ஆடியிருக்கிறாள், கைகோத்து வட்டமாக, முன்பின் தெரியாத இருபது பேரோடு. சனிக்கிழமை காலையில் மரத்தால் கட்டிய ஒரு அறைக்குள் அடுப்பு மூட்டி உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிவிட்டு, நேரே ஓடிப்போய் ஏரியில் குதித்திருக்கிறாள். இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் அந்த ஏரி உறைந்து, ஜனங்கள் அதன்மேல் நடந்தே அக்கரை போவார்களாம். மைசூரில் மார்கழி மாதம் குளிக்க வெந்நீர் ஒரு சொம்பு குறைந்தால் ஊரைக் கூட்டிய பெண் இவள். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய்க் காளான் பொறுக்கியிருக்கிறாள். நடுவில், சனிக்கிழமை சாயங்காலம், விடுதியின் பொதுச் சமையலறையில் நாற்பது பேருக்குப் புளியோதரை. ஆளுக்கு ஒரு நாட்டுச் சாப்பாடு என்று ஏற்பாடாம். மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் மிஞ்சிவிட்டது என்று பெருமை வேறு. கூட வந்த போட்டோவில் தலையில் காகிதக் கிரீடத்தோடு பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பாள். ஏழாம் பக்கத்தில்தான் லார்ஸ் வந்தார். லார்ஸ் என்பவர் பேராசிரியர். ஐம்பத்தெட்டு வயசு மனுஷரை அங்கே பிள்ளைகள் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். அவர் சைக்கிளில் வந்து, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, எல்லோருடைய தட்டையும் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டிருக்கிறார்: ஜூலையோடு ஏன் போகிறாய், டாக்டரேட்டுக்கு இருந்துவிடேன், நாலு வருஷம்தான்.

"ஏன்னா, கேட்டேளா. என் கொஜ்ஜை ரெண்டு தரம் வாங்கித் தின்னுட்டு என் பொண்ணையே கேக்கறான் அந்த மனுஷன்."

கணவர் நரசிம்மமூர்த்தி பேப்பரை இறக்கவில்லை. "பொண்ணையா கேட்டார்? படின்னு கேட்டார். ஹோகலி பிடு, செலுவி."

விட்டுவிடு என்று கன்னடத்தில் சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிற மனிதர். அவள் அவரிடம் பேசுவதை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஸுப்ரஜாவின் போன் வரும். அதற்குள் கடித உறையின் பின்புறம் செலுவம்பா பதினான்கு குற்றச்சாட்டுகளை எண் போட்டு எழுதிவைத்திருந்தாள். ஒன்பதாவது ஏரி. பதினான்காவது லார்ஸ். மணி அடித்ததும் உறையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வாயில் வந்தது அதில் இல்லாத பதினைந்தாவது.

"சாதத்தை ஆறவெச்சயா, சூட்டோட கொட்டினயா?"

"ஆறவெச்சேம்மா. தட்டுல பரத்தி ஜன்னலுக்கு வெளில வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல ஜில்லுனு ஆயிடுத்து. இங்க ஃபேனே வேண்டாம்."

செலுவம்பாவுக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. குற்றம் சொல்ல இடமில்லை. எள்ளுப்பொடியைக் கேட்டாள், கடைசியில்தான் தூவினாளாம். கடலையைக் கேட்டாள்; அதுவும் சரி. உனக்கென்று ஒரு கரண்டியாவது எடுத்துவைத்தாயா என்று கேட்டாள்.

"பாட்டில்ல ஒட்டிண்டிருந்ததுல சாதத்தைப் போட்டுக் குலுக்கிச் சாப்ட்டேன். ஜூலை கிட்டதான் நிறைய ஒட்டிண்டிருந்தது." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அம்மா, வியாழக்கிழமைக்குள்ள லார்ஸுக்குப் பதில் சொல்லணும். அப்பாவைக் கேட்டா உன்னைக் கேளுன்னுட்டார். நான் இருக்கட்டுமா, வரட்டுமா?"

செலுவம்பா முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக்கொடுத்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பம்பாயிலிருந்தும் தில்லியிலிருந்தும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்பதையும், இந்தப் பக்கம் பெற்றவர்கள் மழை, மாடு, மாமியார் என்று எதையோ பேசிப் பொழுதைத் தொலைப்பதையும் கேட்டவள். இதுகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா என்று மனசுக்குள் திட்டியபடியே மூன்று நிமிஷக் கெடு முடிந்தது என்று சொல்லுவாள், பிளக்கைப் பிடுங்குவாள். மைசூர் ஜில்லாவில் அவள் அறுத்த உறவுகளைச் சேர்த்துக் கட்டினால் ஸ்வீடன் வரை நீளும்.

கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"மூணு நிமிஷம் ஆயிடுத்து," என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

நரசிம்மமூர்த்தி இந்த முறை பேப்பரை இறக்கினார். அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை மார்க்கெட்டில் மல்லப்பன் வாங்கிக் கட்டிக்கொண்டான். புளி பழசு, கொட்டை ஜாஸ்தி, கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுகிறாய், உனக்கு மனுஷர் தராதரமே தெரியவில்லை என்று கன்னடத்தில் பொரிந்தாள். அவன் ஸுப்ரஜாவும் இல்லை, லார்ஸும் இல்லை என்பது பாதியில் அவளுக்கே ஞாபகம் வந்தது. ஆனாலும் ஆரம்பித்ததை முடித்தாள். மல்லப்பன் பவ்யமாகத் தலையாட்டி, "எஷ்டு கேஜி அம்மா?" என்றான். இரண்டு என்றாள். மறுபடி தெரு இருமியது.

புதன்கிழமை மத்தியானம் கொஜ்ஜு இறங்கியது. எதிர்வீட்டுச் சுலோசனாவின் மருமகள் சனிக்கிழமை ஸ்டாக்ஹோம் போகிறாள், எடுத்துப்போகச் சம்மதித்துவிட்டாள். செலுவம்பா புது பாட்டிலைத் துடைத்துக் கொஜ்ஜை நிரப்பி, கத்தரிக்கோலும் பிளாஸ்திரிச் சுருளும் பேனாவுமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நவம்பர் என்று எழுதி ஒட்டினாள். டிசம்பர். ஜனவரி. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. ஜூலையை ஒட்டிவிட்டுப் பார்த்தால், அதற்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது.

இன்னொரு துண்டு வெட்டினாள். எழுதலாமென்று பேனாவை எடுத்தபோது கூடத்தில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஐந்தரையும் இல்லை. எதற்கும் அவசரப்படாத நரசிம்மமூர்த்தி ஓடிப்போய் எடுக்கும் சத்தம் கேட்டது.

"செலுவி, உனக்குத்தான்."

எழுந்தாள். மாதம் எழுதாத பிளாஸ்திரி கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினாள், விடவில்லை. இன்னொரு விரலால் தள்ளினாள். அந்த விரலுக்கு மாறியது. அதை உதறிக்கொண்டே கூடத்துக்கு நடந்தாள். பின்னால் பாட்டிலின் வாயிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.