இடது பக்கத்து ஸ்க்ரூ

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது குரலை உயர்த்திச் சொல்கிற கதை இல்லை. சொல்கிறவளுக்கே கொஞ்சம் வெட்கமான கதை. நடுவில் சிரித்துக்கொள்ளலாம், தப்பில்லை. எழுந்து போய் உங்கள் வீட்டுக் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதானாலும் சரி. ஆனால் பாதியில் போய்விடாதீர்கள். முப்பத்தொரு வருஷம் ஒரு ஸ்க்ரூவை நம்பி நான் பெருமை அடித்துக்கொண்ட கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நாற்பத்திரண்டு வயது. சுவருக்குள் ஓடுவது இரும்புக் குழாய். காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் முதலில் இரண்டு இருமல், பிறகு ஒரு தும்மல், அதன் பிறகுதான் தண்ணீர். அதுவும் முதல் செம்பு டீ நிறத்தில் வரும். என் கணவரின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒரே அளவாகப் பழுப்பேறி, அவருக்கு அந்த நிறம்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று எதிர்வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஒரு வாளி நிரம்புவதற்குள் நான் ஒரு கட்டுத் துணி மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டு வருவேன்.

இதையெல்லாம் நான் குறையாகவே நினைத்ததில்லை. தண்ணீரில் இரும்புச் சத்து இருக்கிறது என்று சொல்லித் திரிந்தேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் தங்கைதான் ஒருநாள், "அப்ப துருப்பிடிச்ச ஆணிய ரெண்டு எடுத்து மென்னுக்கோக்கா, இன்னும் சத்து" என்றாள்.

கசிந்த இடங்களுக்கு வைத்தியமும் நானேதான். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் துணியைக் கட்டி, அதற்கும் மேல் ஒரு கயிறு. சமையல் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தால் விபத்து வார்டு மாதிரி இருக்கும். கை கால் முறிந்து படுத்திருந்தார்கள் எல்லோரும். எனக்கு அதில் கர்வம் வேறு.

என் தங்கை அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கெல்லாம் போகிறவள் இல்லை. போன மாதம்தான் அவள் வீட்டுக் குழாய் முழுவதையும் மாற்றினாள். மாற்றிய கையோடு அந்தக் குழாய்க்காரரை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவருக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். சுவர் மூச்சுவிடுவது அவருக்குக் கேட்குமாம்.

டாக்டர் வீடு முழுக்கக் கேட்டார். பிறகு மேடைக்கு அடியில் நுழைந்து, என் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்தார். அதற்குள் குழாய் இருந்தது என்று சொன்னால் அது பொய். குழாயின் வடிவத்தில் துரு இருந்தது, அவ்வளவுதான். ஒரு துண்டை அறுத்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுற்றிலும் துரு அடைத்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இவ்வளவு நாளா தண்ணிய நிறுத்தி வச்சிருந்தது குழாய் இல்லம்மா, உங்க துணிதான்" என்றார்.

பாராட்டு என்று நினைத்து நான் சிரித்தேன். தங்கை என்னை முறைத்தாள்.

"எல்லாத்தையும் மாத்திடணும். இன்னும் வெடிக்கலங்கறதே பெரிய விஷயம். வெடிச்சப்புறம் மாத்தினா குழாயோட சுவரு, மரச்சாமான், எல்லாத்தையும் சேத்து மாத்தணும்."

என் கணவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சமையலறையா, சரி. குளியலறையா, சரி. மாடிக் குழாயா, தாராளமாக. டாக்டர் நடு ஹாலுக்கு வந்து, மேல்தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய் இந்தச் சுவருக்குள்தான் வருகிறது, இதையும் உடைக்க வேண்டும் என்று காட்டியதும்தான் அவர் முகம் மாறியது.

"அது மட்டும் வேண்டாம். அந்தச் சுவர விட்டுடுங்க."

ஏன் என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே. அந்தச் சுவரில் என் அம்மாவின் படம் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அம்மா வாழ்நாளில் எடுத்துக்கொண்டது அந்த ஒரே படம்தான். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையை நாற்காலிப் பிடிமேல் வைத்திருப்பாள். படமெடுத்தவர் மூச்சை அடக்கச் சொன்னாராம். இன்னும் அடக்கிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு முகம். அம்மா போன பிறகு படம் மூத்தவளான என்னிடம் வந்தது. என் கணவர் அதை ஹாலின் நடுச்சுவரில் இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கி மாட்டினார். அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷமாக அதை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தபோதுகூட, படத்தைச் சுற்றி அடியுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு துணியால் தானே துடைப்பார்; சட்டத்தின் பின்பக்கம்வரை விரலை விட்டுத் துடைப்பார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை இனிப்பாகப் பேசத் தெரியாத மனுஷர். நான் அவருக்கு எழுதிப்போட்ட மதிப்பெண்கள் அத்தனையும் அந்தப் படத்தால் வந்தவை. "மாமியார் படத்த இப்படிப் பாத்துக்கற ஆம்பளைய எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று நான் கேட்காத ஆள் இந்தத் தெருவில் இல்லை. தங்கையின் புருஷனுக்கு என்னைக் கண்டாலே ஆகாமல் போனதற்கு அதுதான் காரணம்.

தங்கைக்கு இதில் வேறு வருத்தம். அவளுக்கும் அம்மாதானே? ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம் என் கணவர், கண்ணாடி உடைந்துவிடும், சட்டம் ஆடுகிறது என்று தட்டிக்கழித்தார். அவள் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தாள். எப்படி எடுத்தாலும் கண்ணாடியில் ட்யூப்லைட் விழுந்தது. என் தங்கையின் கைப்பேசியில் எங்கள் அம்மாவுக்கு மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு ட்யூப்லைட் இருக்கும்.

"அம்மா படத்தத் தொடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. அவ்வளவுதான், மத்ததெல்லாம் போடுங்க" என்று நான் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் படத்துக்குக் கீழே சுவரில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்தார். "எல்லாத்துலயும் இதுதாம்மா மூத்தது. மொதல்ல போறதும் இதுதான். அது போகும்போது முன்னால இந்தப் படம்தான் நிக்கும்."

"அக்கா, கேட்டியா? அது நனஞ்சா நமக்கு வேற அம்மா கிடையாது" என்றாள் தங்கை.

நான் கேட்கவில்லை. எனக்குக் காது முழுக்கப் பெருமை.

மூன்று நாளில் மற்ற வேலை எல்லாம் முடிந்தது. என் விபத்து வார்டைக் காலி செய்து, எல்லோரையும் ஒரு சாக்கில் போட்டு எடுத்துப் போனார்கள். நாலாவது நாள் காலை டாக்டர் புதுக் குழாய்களைச் சோதித்துப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனார். என் கணவர் முடிவெட்டப் போனார். தங்கை காபிக்கு வந்தவள், டம்ளரை வைத்துவிட்டுப் படத்துக்கு அருகே போய் நின்றாள்.

"இங்க வாக்கா. இந்த மூலையப் பாரு."

பார்த்தேன். படம் ஒட்டியிருந்த அட்டை கீழ்மூலையில் உப்பி, அலை அலையாக வளைந்திருந்தது. ஓரத்தில் டீ நிறத்தில் ஒரு கோடு. அந்த நிறத்தை எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் ஒரு செம்பு பிடித்துக் கீழே ஊற்றுகிறேனே.

அவர் வந்தால் விடமாட்டார். அவர் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். ஸ்டூலைப் போட்டேன். எழுபது வயதில் ஸ்டூல் ஏறுகிறவளுக்கு இருக்கவேண்டிய பயம் எதுவும் எனக்கு இல்லை. புத்தியும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தங்கை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். வலது ஸ்க்ரூ நல்ல பிள்ளையாகக் கழன்று வந்தது. இடது அசையவில்லை. தையல் மிஷின் எண்ணெயை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.

"வந்துடுச்சுடி" என்றேன்.

வந்தது. அதற்குப் பின்னாலேயே முகத்துக்கு நேராகப் பழுப்புத் தண்ணீரும் பீச்சியடித்தது.

படத்தைத் தங்கை ஏந்திக்கொண்டாள். நான் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, சுவரோடு சுவராக நின்றேன். அவள் மாடியைப் பார்த்துக் கத்தினாள். அந்த நேரம் பார்த்து என் கணவர், ஒட்ட வெட்டிய தலையோடு உள்ளே வந்தார். வீட்டுக்காரி ஸ்டூல்மேல் நின்று சுவரைக் குத்திக்கொண்டிருக்கிறாள், தலையெல்லாம் துருத்தண்ணீர். வேறு யாராக இருந்தாலும் என்ன ஆச்சு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அவர், "இடது ஸ்க்ரூவையா கழட்டின?" என்றார்.

தங்கைதான் மெதுவாக, "இடதுல ஒரு விஷயம் இருக்குன்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றாள்.

அவர் காதோரம் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார்.

அதற்குள் டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு சின்ன இரும்புச் சக்கரம். "தொட்டி வால்வோட தலை கையோட வந்துடுச்சும்மா. நேத்து தொறந்தப்பவே முனகிச்சு. மூட முடியாது, தொட்டியக் காலி பண்ணினாத்தான் உண்டு. விரல எடுத்துடாதீங்க." வீட்டிலிருந்த புதுக் குழாய்கள் ஒவ்வொன்றையும் முழுசாகத் திறந்துவிடப் போனார்.

அப்படியாக நான் சுவரில் மாட்டிக்கொண்டு நிற்க, அவர் தப்பித்துப் போக இடமில்லாமல் என் எதிரே நிற்க, முப்பத்தொரு வருஷத்துக் கணக்கு தீர்ந்தது.

"ஆபீஸ்லேருந்து ட்ரில் மிஷின் கொண்டாந்து ஓட்ட போட்டேன். வலது சரியா விழுந்துச்சு. இடது குழாயிலயே எறங்கி தண்ணி வந்துடுச்சு. சணலச் சுத்தி, பெயிண்டத் தடவி, ஸ்க்ரூவ இறுக்கினேன். நின்னுடுச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ கடையிலேருந்து வந்து படத்தப் பாத்து அழுதுட்ட. எங்கம்மாவுக்கு இவ்வளவு நல்ல எடம் குடுத்தீங்களேன்னு சொன்ன."

"மறுநாள் சொல்லியிருக்கலாம்ல?"

"மறுநாள் உன் தங்கச்சியக் கூப்பிட்டுப் பெருமையா காட்டிட்ட."

"அதுக்கு மறுநாள்?"

"அதுக்கு மறுநாள் தெருவுக்கே சொல்லிட்ட."

தங்கை படத்தை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"ஞாயித்துக்கிழம தவறாம தொடச்சது?" என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

"கசியுதான்னு பாக்கத்தான்."

கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. அதைவிட மனசு. இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக் காட்டிய என் புருஷனுடைய பாசம், சணல் சுற்றிய ஒரு ஸ்க்ரூ. என்னைச் சொல்லவேண்டும். பார்த்தவுடனே ஒரு கதையைக் கட்டி, அதற்குள் குடியும் போய்விட்டேன்.

புதுக் குழாய்கள் கொட்டிய வேகத்தில் மேல்தொட்டி கால் மணி நேரத்தில் காலி. பழைய குழாயாக இருந்திருந்தால் மறுநாள்வரை நான் அங்கேயே நின்றிருப்பேன். விரலை எடுத்தபோது இரண்டு சொட்டு மட்டும் விழுந்தது.

தங்கை படத்தைத் திருப்பி, பின் அட்டையைக் கழற்றினாள். மூன்று பேரும் குனிந்தோம். துருக்கறை கீழிருந்து ஏறி, நாற்காலியின் காலைத் தாண்டி, அம்மாவின் புடவை ஓரத்தைத் தொட்டு, நாற்காலிப் பிடியில் இருந்த கைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் போதும், அது முகத்துக்கு ஏறியிருக்கும். தங்கை படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஸ்டுடியோவுக்கு நடந்தாள்.

அவள் போன பிறகுதான் கேட்டேன். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது எங்கம்மா மூஞ்சியப் பாத்தீங்களா, இல்ல ஸ்க்ரூவ மட்டும்தான் பாத்தீங்களா?"

அவர் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். "வேற யாருகிட்ட சொல்ல முடியும்? உங்கிட்டயும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாரமும் அவங்ககிட்டதான் சொல்லுவேன். அத்தை, இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடிங்கன்னு."

நான் முகத்தைத் துடைக்கப் போனேன். புதுக் குழாயில் தண்ணீர் இல்லை, தொட்டிதான் காலியாயிற்றே. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

மறுநாளே நடுச்சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட்டாயிற்று. பூசுவதற்கு முன்னால், எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று டாக்டரை ஒரு தாளில் வரையச் சொல்லி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். இனிமேல் யாராவது ஆணி அடிப்பதானால் அதைப் பார்த்துவிட்டு அடிக்கட்டும். தங்கை வீட்டில் இப்போது அம்மாவுக்கு மூக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா எதிர்ச்சுவருக்கு மாறிவிட்டாள். அந்தச் சுவருக்குள் குழாய் கிடையாது. டாக்டர் இரண்டு முறை காதை வைத்துக் கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் சமையலறை வாசலில் ஒளிந்து நின்று பார்த்தேன். அவர் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டார், ஏறினார், கண்ணாடியைத் துடைத்தார். சட்டத்துக்குப் பின்னால் விரலை விடவில்லை.

"இன்னும் என்ன தொடைக்கிறது? அங்கதான் கசியறதுக்கு ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"வேலை முடிஞ்சுதுன்னு அத்தைகிட்ட சொல்ல வேண்டாமா?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

இதை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

சரி, எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டுச் சுவர்கள் உலர்ந்தே இருக்கட்டும். திறந்தவுடன் தெளிந்த தண்ணீர் வரட்டும், மூடியவுடன் நிற்கட்டும். பின்னால் என்ன மறைந்திருந்தாலும், உங்கள் சுவரில் இருக்கிற முகங்கள் உங்களுக்கு இன்னும் ஒரு வாரம், அதற்கு மேல் இன்னும் ஒரு வாரம் என்று தாக்குப்பிடித்து, உங்களைக் காக்கட்டும்.